வீட்டுத் திரை

தூத்துக்குடி உப்பளத் தொழிலாளர், வெயில் ஏறுமுன் வேலையை முடிக்கக் கருதி, இருள் பிரியுமுன்பே பாத்திகளுக்குப் புறப்பட்டுவிடுவர். மீனவர் பலரும் அந்நேரத்திற்குள் கடலேறிவிடுவர். நள்ளிரவு கடந்து முடியும் இரண்டாம் ஆட்டம் இவர்களுக்கு எவ்வாறு ஒத்துவரும்? குடும்பத்தோடு செல்வதாயின் தலைக்கொரு சீட்டு வாங்க வேண்டும். போக்குவரத்துச் செலவு வேறு.

இக்கரையில் பல வீடுகளுக்குத் திரைப்படம் முதலில் கடல் கடந்தே வந்தது. சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975-இலேயே தோன்றியிருந்தும், அதன் அலைகள் தென்கோடியை எட்டவில்லை. 1982-இல் இலங்கையில் ரூபவாகினி தொடங்கப்பெற்றது. தொலைக்காட்சி அலைகள் பெரும்பாலும் நேர்கோட்டிலேயே செல்லும் இயல்பின. ஆயினும், கடல்மேல் உள்ள குளிர்ந்த காற்றின்மீது வெப்பக்காற்று படியுங்கால், அவை வளைந்து நெடுந்தொலைவு செல்லும். ஆதலின் மக்கள் மொட்டைமாடிகளில் உயர்ந்த கம்பங்களை நட்டு, ஆன்டெனாக்களை இலங்கையை நோக்கித் திருப்பி வைத்தனர். வானிலை மாறினால் படம் புள்ளிகளாகச் சிதறும். அதனையும் விரும்பிப் பார்த்தனர் எனின், படத்தின் தெளிவைவிட வீட்டின் வசதியையே பெரிதாக மதித்தனர் என்பது புலனாகின்றதன்றோ?

பின்னர் வீடியோ நாடாவும் கேபிளும் வந்தன. அவற்றின்பின் இணையம் வந்தது. பெருந்தொற்றால் அரங்குகள் மூடப்பட்டிருந்த காலத்தில், 2020 மே 29 அன்று, ‘பொன்மகள் வந்தாள்’ என்னும் படம் நேராக இணையத்திலேயே வெளியாயிற்று. திரையரங்க உரிமையாளர்கள் இதனைக் கடுமையாக எதிர்த்தனர். அவர்தம் அச்சம் வீணன்று. அரங்கை நம்பிப் பிழைப்போர் பலர்.

நூற்றுக்கணக்கானோர் ஒருங்கே எழுப்பும் சிரிப்பொலி வீட்டில் கிடைப்பதில்லை. ஆனால், விடியுமுன் உப்பளம் செல்லவேண்டியவர் பாதிப் படத்தை இன்றும் எஞ்சியதை நாளையும் பார்த்துக்கொள்ளலாம்.