ஐப்பசியில் உழக்கும் தூரம்

ஐப்பசி பிறந்தால் யாழ்ப்பாணத்தில் முற்றத்தில் எதையும் காயப்போட்டுவிட்டுத் தூரம் போகமாட்டோம். சோளகம் ஓய்ந்து, வாடை இன்னும் நிலைகொள்ளாத மாதம் அது. காலையில் வெயில் எரிக்கும். பின்னேரம் இடியோடு மழை கொட்டும். வங்கக் கடலில் தாழமுக்கம் வந்துவிட்டால் காலையென்றும் மாலையென்றும் இல்லை. அந்த மாதத்தில்தான் நாங்கள் பருத்தித்துறையிலிருந்து தெல்லிப்பழைக்கு, புற்றுநோயாளருக்கு நிதி சேர்க்கக் கூட்டமாகச் சைக்கிள் உழக்குகிறோம். “மாசியில் வைத்தால் நனையாமல் போகலாமே” என்று பலர் கேட்கிறார்கள்.

தெல்லிப்பழை புற்றுநோய் வைத்தியசாலையே வீதியில் இறங்கியவர்களால் வந்ததுதான். 2011 யூலையில் நேதன் சிவகணநாதனும் சரிந்த உனம்புவேயும் தெற்கே தெவிநுவர முனையிலிருந்து பருத்தித்துறை வரை 670 கிலோமீற்றரை 27 நாட்களில் நடந்தார்கள். ‘ட்ரெயில்’ என்ற அந்த நடைபயணத்தில் வழிநெடுகச் சனம் சேர்ந்தது. அதில் திரண்ட நிதியில்தான் இந்த வைத்தியசாலை எழுந்தது. அதற்கு முன் வடக்கு நோயாளர் பலர் கொழும்புக்கு அருகிலுள்ள மகரகமவுக்குப் போய், அங்கே அறை எடுத்துத் தங்கி, வைத்தியம் பார்த்தார்கள். 2016 ஒக்டோபரில் அதே நடை பருத்தித்துறையிலிருந்து தெற்கே திரும்பியது. இம்முறை காலி கராப்பிட்டிய புற்றுநோய் வைத்தியசாலைக்காக. அதுவும் ஐப்பசியை ஒட்டிய காலந்தான்.

எங்கள் ஊருக்குச் சைக்கிள் புதிதில்லை. 1990இல் தொடங்கிய எரிபொருள் தடைக் காலத்தில் நெல்லு மூட்டை, விறகு, நோயாளி எல்லாம் கரியரில்தான் போயின. மின்சாரம் இல்லாத வீடுகளில் பின்சில்லைச் சுழற்றி, டைனமோவில் றேடியோ கேட்டோம்.

வழியில் கடினமான இடம் வல்லை வெளி. நெல்லியடி தாண்டினால் மறைப்பு எதுவுமில்லை. இருபுறமும் உவர்நிலமும் நீரும். சோளகம் மிச்சமிருந்தால் எதிர்க்காற்று. வாடை தொடங்கியிருந்தால் போகும்போது முதுகில் தள்ளும், திரும்பும்போது நெஞ்சில் அடிக்கும். எதிர்க்காற்றில் ஒருவர் பின் ஒருவராகப் போனால் பின்னால் வருபவருக்கு உழைப்பு நன்றாகக் குறையும். முன்னுக்கு நிற்பவர் களைக்க முதலே விலகிப் பின்னால் வரவேண்டும், அடுத்தவர் முன்னேறுவார். பக்கக் காற்றென்றால் இடைவெளியைக் கூட்டவேண்டும். அகலமான மழைக்கோட்டு அங்கே பாய்மரமாக விரிந்து ஆளைத் தெருவின் நடுவுக்கு இழுத்துவிடும். உடம்போடு ஒட்டிய மழைச்சட்டைதான் நல்லது.

புத்தூர் திரும்பிச் சுன்னாகம் நோக்கினால் செம்மண் தோட்டங்கள். முதல் மழைக்குத் தூசியும் எண்ணெயும் செம்மண்ணும் குழைந்து றோட்டு வழுக்கும். றிம் நனைந்தால் பிறேக் உடனே பிடிக்காது. முன்கூட்டியே மெல்ல அழுத்தி ஈரத்தைத் துடைத்துக்கொள்ளவேண்டும். சைக்கிள் திருத்தும் அண்ணை ஒருவர் புறப்பட முதல் எல்லோருடைய ரயரையும் அமத்திப் பார்ப்பார். என்னுடையதைப் பார்த்து, “பிள்ளை, மழைக்குக் காத்து கொஞ்சம் குறையட்டும். அப்பத்தான் றோட்டைப் பிடிக்கும்” என்று வால்வை ஒரு கணம் அமத்திவிட்டார். சுன்னாகத்துக்குக் கிட்ட மழை பிடித்தபோது அதன் பெறுமதி தெரிந்தது.

இனிப் பணம். அமெரிக்காவில் 1980இல் பில்லி ஸ்டார் 36 பேருடன் தொடங்கிய பான்-மாஸ் சலெஞ்ச் சைக்கிள் பயணம், டானா-ஃபார்பர் புற்றுநோய் நிலையத்துக்கு இதுவரை நூறு கோடி டொலருக்கு மேல் சேர்த்துக் கொடுத்திருக்கிறது. ஓடுபவர்கள் திரட்டும் பணம் முழுவதும் அந்த நிலையத்துக்கே போகிறது. ஏற்பாட்டுச் செலவுக்கு வழி வேறு. சின்னக் கூட்டமும் இதையே செய்யலாம். கிலோமீற்றருக்கு இவ்வளவு என்று உறவினரிடமும் வெளிநாட்டிலுள்ள நண்பரிடமும் எழுதி வாங்குங்கள். தேத்தண்ணிச் செலவைக் கைக்காசில் போடுங்கள். எது தேவை என்று வைத்தியசாலையிடம் முதலில் கேளுங்கள். பற்றுச்சீட்டோடு கணக்கை ஊர் வாசிகசாலையில் ஒட்டுங்கள். அடுத்த வருடம் காசு தருவார்கள்.

மாசியில் ஏன் வைப்பதில்லை? கதிர்ச் சிகிச்சை பெரும்பாலும் வாரத்தில் 5 நாளாகப் பல வாரங்கள் தொடரும். மழைக்காக அதை ஒத்திவைக்க முடியாது. வடமராட்சியிலிருந்து பஸ்ஸிலும் ஓட்டோவிலும் இதே வல்லை வெளியைக் கடந்து, நனைந்த உடுப்போடு வரிசையில் இருக்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்காகக் காசு கேட்கப் போகிறவர்கள் அவர்கள் போகும் வழியை, அவர்கள் போகும் காலத்தில் ஒருமுறை உழக்கிப் பார்க்கவேண்டும். அப்போதுதான் மருந்துக்கு மட்டுமல்ல, பஸ் காசுக்கும் நிழற்குடைக்கும் சேர்த்துக் கேட்கத் தோன்றும்.