“நாய்தானே” என்று சொல்லிவிட்டேன்

கிள்ளானில் கொமுட்டர் இரயில் ஏறி, கேஎல் சென்ட்ரலில் இறங்கி, பிரிக்பீல்ட்ஸில் உள்ள கல்லூரிக்கு நடந்து போவது எனக்கும் என் தோழிக்கும் இரண்டு ஆண்டுப் பழக்கம். ஏறக்குறைய ஒரு மணி நேரப் பயணம். வழி நெடுக அவள்தான் பேசுவாள். அந்தத் திங்கட்கிழமை மட்டும் வாயே திறக்கவில்லை. சுபாங் ஜெயா தாண்டிய பிறகு, “பிளாக்கி போயிடுச்சு” என்றாள்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? “ஐயோ பாவம். பரவால்ல லா, வயசான நாய்தானே. வேற குட்டி ஒன்னு எடுத்துக்கலாம்.”

ஆறுதல் சொல்லிவிட்டதாகவே நினைத்துக்கொண்டேன். அவள் தலையை ஆட்டிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். மறுநாள் வரவில்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. புலனத்தில் அனுப்பிய செய்திகளுக்குப் பதிலும் இல்லை. வெள்ளிக்கிழமை தேர்வுக்கு வந்தாள், எழுதினாள், யாரிடமும் பேசாமல் போய்விட்டாள்.

தமிழ்ப்பள்ளியில் அவள் முதலாம் ஆண்டு படித்தபோது வந்த நாய் பிளாக்கி. இப்போது அவளுக்கு 19 வயது. அவள் வாழ்நாளில் பாதிக்கும் மேல் அது கூடவே இருந்திருக்கிறது. காலை ஐந்தரைக்கு அவளை எழுப்பியது அதுதான். இரவில் கேட் சத்தம் கேட்டதும் முதலில் ஓடி வந்ததும் அதுதான். இவ்வளவையும் நான் நேரில் பார்த்தவள். பார்த்திருந்தும் “நாய்தானே” என்றேன்.

என்னைப் போல் சொல்பவர்கள் நிறைய பேர் என்பதால்தான் இந்தத் துக்கத்தைப் பற்றி ஆய்வே நடந்திருக்கிறது. அமெரிக்கப் பேராசிரியர் கென்னத் டோகா 1989-இல் தொகுத்து வெளியிட்ட நூல், சுற்றியிருப்பவர்கள் துக்கமென்றே ஏற்றுக்கொள்ளாத இழப்புகளைப் பற்றியது. மனிதர் இறந்தால் உறவினர் கூடுவார்கள், பதினாறாம் நாள் காரியம் நடக்கும், கல்லூரியிலும் விடுப்புக் கிடைக்கும். நாய் இறந்ததென்று விடுப்புக் கடிதம் எழுத நம்மில் யாருக்குத் துணிச்சல் வரும்? அழுவதற்கே வெட்கப்பட வேண்டியிருக்கிறது.

நம் முன்னோர் அப்படி வெட்கப்பட்டதாகத் தெரியவில்லை. தமிழ்நாட்டில், திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூரில் ஒரு நடுகல் இருக்கிறது. 7ஆம் நூற்றாண்டில், மகேந்திரவர்ம பல்லவன் காலத்தில் வைத்தது. சண்டையில் இறந்த கருந்தேவக்கத்தி என்ற வீரனுக்காக எடுத்த கல் அது. அவனருகில் அவனுடைய நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது. அது கள்வர் இருவரைக் கடித்துக் காவல் நின்றதைக் கல்வெட்டு சொல்கிறது. நாயின் பெயரும் கல்லில் இருக்கிறது: கோவிவன். சுமார் 1,400 ஆண்டுகள் கழித்தும் அந்தப் பெயரை நாம் வாசிக்க முடிகிறது.

சனிக்கிழமை அவள் அம்மா அழைத்தார். “சாப்பிடவே மாட்டேங்குறா. நீயாச்சும் வந்து பேசும்மா.” நான்கு தோசை வாங்கிக்கொண்டு செந்தோசாவில் உள்ள அவர்கள் வீட்டுக்குப் போனேன். பிளாக்கியின் தட்டு, சங்கிலி, விரிப்பு ஒன்றையும் காணோம். மகள் பார்த்து அழக்கூடாது என்று ஆன்ட்டி அன்றே எடுத்து ஒளித்து வைத்திருந்தார். நல்ல எண்ணம்தான். ஆனால், அதைக் கேட்காமல் செய்ததுதான் அவளை இன்னும் நோகடித்திருந்தது.

இந்த முறை நான் ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. “கடைசியா பிளாக்கிக்கு என்னாச்சு?” என்று மட்டும் கேட்டேன். ஒன்றரை மணி நேரம் பேசினாள். சிறுநீரகம் செயலிழந்து, தண்ணீர்கூட வயிற்றில் தங்காமல் போயிருக்கிறது. இனி வேதனை மட்டும்தான் என்று கூறிய மருத்துவர், ஊசி போட்டுத் தூங்க வைத்துவிடலாம் என்றிருக்கிறார். சம்மதம் சொன்னவள் இவள்தான். தலையை மடியில் வைத்திருந்ததும் இவள்தான்.

“கண்ணை மூடவே இல்லடி. என்னையே பாத்துக்கிட்டு செத்துச்சு. நான் கொன்னுட்டேன்னு நெனச்சிருக்கும்.”

எனக்குப் பதில் தெரியவில்லை. “எனக்கு என்ன சொல்றதுன்னு தெரியல” என்று அப்படியே சொன்னேன். கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பிறகு இருவரும் ஆறிப்போன தோசையைச் சாப்பிட்டோம்.

அன்றிரவு, செர்டாங்கில் உள்ள புத்ரா பல்கலைக்கழகத்தில் கால்நடை மருத்துவம் படிக்கும் என் அத்தை மகளிடம் கேட்டேன். இதற்குப் போடுவது பெரும்பாலும் அளவு கூட்டிய மயக்க மருந்துதானாம். முதலில் நினைவு போய்விடும். அதன் பிறகே மூச்சும் இதயமும் நிற்கும். கண்ணை மூடத் தசை இயங்க வேண்டும். உயிர் போனபின் இமை தானாக மூடிக்கொள்வதில்லை. நாய், பூனை எதுவானாலும் பெரும்பாலும் கண் திறந்தேதான் இருக்கும். பிளாக்கி அவளைப் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. அதற்கு முன்பே தூங்கிவிட்டது.

உடனே அவளை அழைத்துச் சொன்னேன். வெகுநேரம் சத்தமே இல்லை. பிறகு, “நெசமாவா?” என்றாள். இதை அன்றே யாராவது அவளிடம் சொல்லியிருந்தால், அந்த ஐந்து இரவுகள் அவளுக்கு வேறு மாதிரி இருந்திருக்கும்.

மாணவர்களே, உங்கள் நண்பருக்கு இப்படி நேர்ந்தால், கேட்காமல் புதுக் குட்டி ஒன்றைக் கொண்டுபோய்க் கையில் கொடுத்துவிடாதீர்கள். பெயரைச் சொல்லிக் கேளுங்கள். வாரக்கணக்கில் ஊணும் உறக்கமும் இல்லாமல் தவித்தால் கல்லூரி ஆலோசகரிடம் அழைத்துச் செல்லுங்கள். 1970 முதல் இயங்கும் பிஃபிரண்டர்ஸ் கோலாலம்பூர் அமைப்பையும் 03-7627 2929 என்ற எண்ணில் 24 மணி நேரமும் அழைக்கலாம். நாய்க்காக அழைக்கலாமா என்று தயங்க வேண்டாம்.

செந்தோசா வீட்டின் முன்புறம் முழுக்க சிமெண்டு. அதனால், பிளாக்கியைக் காப்பாரில் உள்ள மாமா வீட்டுத் தோட்டத்தில்தான் புதைத்திருந்தார்கள். அடுத்த ஞாயிறு நாங்கள் இருவரும் போய் அங்கே ஒரு செம்பருத்திக் குச்சியை நட்டோம். ஆன்ட்டி ஒளித்து வைத்த தட்டில்தான் அதற்குத் தண்ணீர் ஊற்றினாள்.

இப்போது இரயிலில் மறுபடியும் அவள்தான் பேசுகிறாள். வருகிற 17ஆம் தேதியோடு பிளாக்கி போய் மூன்று மாதம். அன்று காலை ஐந்தரைக்கு அவளுக்குச் செய்தி அனுப்ப, திறன்பேசியில் நினைவூட்டல் வைத்திருக்கிறேன்.