கொட்டகை போடுவோம் வாருங்கள்!

(சிவில் பிரிவு, மூன்றாம் ஆண்டு மாணவர் ஒருவர்)



அணைக்கட்டு, மேம்பாலம், இருபது மாடிக் கட்டிடம் என்று மலரில் பலரும் எழுதுவார்கள். நான் எழுத வந்தது ஒரு சின்னக் கொட்டகையைப் பற்றி. வீட்டுக்குப் பின்னால் மரம் அறுக்கும் பட்டறை வைத்திருப்பவர்கள் தாங்களே போட்டுக்கொள்ளக்கூடிய கூரைக் கொட்டகை. இதில் என்ன இருக்கிறது, நாலு கால் நட்டு மேலே தகடு போட்டால் முடிந்தது என்று நினைப்பீர்கள். அப்படி நினைத்துப் போட்ட கொட்டகைகள் எங்கே போயின என்று கடலூர் மாவட்டத்துக்காரர்களைக் கேளுங்கள், சொல்வார்கள்!

எங்கள் ஊர் பண்ருட்டிப் பக்கம். பலாவும் முந்திரியும் விளைகிற மண். என் தாத்தா குழி வெட்டி மரம் அறுத்தவர். மேலே ஒரு ஆள், குழிக்குள் ஒரு ஆள், நடுவில் பெரிய ரம்பம். அப்பா காலத்தில் மோட்டாரில் ஓடும் பேண்ட் சா வந்தது. மரத்தைத் தட்டிப் பார்த்தே உள்ளே பொந்து இருக்கிறதா என்று அப்பா சொல்லிவிடுவார். ஆனால் பள்ளிக்கூடம் போனதில்லை. எங்கள் குடும்பத்தில் பத்தாவது தாண்டியவன் நான்தான் முதல். அதனால் 2025 மே மாதம் பட்டறைக்குப் புதுக் கொட்டகை என்று பேச்சு வந்தபோது, "நீதான் இஞ்சினியருக்குப் படிக்கிறியே, கணக்குப் போடு" என்று அப்பா சொல்லிவிட்டார். அந்தக் கணக்கைத்தான் இங்கே தருகிறேன்.

கூரை எதற்கு?

முதல் காரணம் மரம். அறுத்த பலகை வெயிலில் கிடந்தால் இரண்டு முனைகளும் சீக்கிரம் காயும், நடுப்பகுதி ஈரமாகவே இருக்கும். காய்ந்த பகுதி சுருங்கப் பார்க்கும், ஈரமான பகுதி விடாது. இந்த இழுபறியில் பலகை முனை வெடிக்கும். ஒரு அடி வெடித்தால் ஒரு அடி காசு போச்சு. நிழலில், பலகைக்குப் பலகை ஒரு அங்குலக் குச்சி கொடுத்து அடுக்கினால் காற்று சமமாகப் போகும், வெடிப்பும் குறையும்.

இரண்டாவது எந்திரம். பெல்ட் நனைந்தால் வழுக்கும். பிளேடு துருப்பிடிக்கும். மோட்டாரில் ஈரம் இறங்கினால் எரியும், ஆளையும் அடிக்கும்.

மூன்றாவது மனிதன். சித்திரை வெயிலில் பிளேடுக்கு முன்னால் நிற்பவனுக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தால் கை எங்கே போகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

கூரையின் எதிரி யார்?

வகுப்பில் நாம் முதலில் படிப்பது கூரையை மேலிருந்து அழுத்தும் பாரத்தைப் பற்றி. தகட்டுக் கொட்டகைக்கு அது சின்ன விஷயம். அரை மில்லிமீட்டர் தகடு சதுர மீட்டருக்கு 5 கிலோகூட வராது. இதைத் தாங்க எந்தக் கழியும் போதும். அப்படியானால் கொட்டகை ஏன் போகிறது?

காற்றில் குடை பிடித்து நடந்திருக்கிறீர்களா? குடை நம் தலைமேல் அழுந்தாது. கையை விட்டு மேலே போகத்தான் பார்க்கும். நாலு பக்கமும் திறந்த கொட்டகை ஒரு பெரிய குடை. காற்று அடியில் புகுந்து தூக்கும், மேலே ஓடும் காற்று உறிஞ்சும். இரண்டும் ஒரே திசைக்கு!

எவ்வளவு தூக்கும் என்பதற்கு இந்தியத் தர நிர்ணயப் புத்தகம் ஐ.எஸ். 875, மூன்றாம் பாகம், எளிய சூத்திரம் தருகிறது. காற்றின் வேகத்தை (வினாடிக்கு இத்தனை மீட்டர் என்று) எடுத்து, அதை அதாலேயே பெருக்கி, 0.6 ஆல் பெருக்கினால் சதுர மீட்டருக்கு இத்தனை நியூட்டன் அழுத்தம் என்று வரும். எங்கள் கடலோரப் பகுதிக்கு அடிப்படை வேகம் 50 மீட்டர்.

50 × 50 × 0.6 = 1500 நியூட்டன். அதாவது சதுர மீட்டருக்குச் சுமார் 150 கிலோ.

தகட்டின் எடை 5 கிலோ, காற்று தூக்குவது 150 கிலோ! (உயரம், கூரையின் வடிவம், சுற்றுப்புறம் ஆகியவற்றுக்கு ஏற்ற பெருக்கெண்கள் தனியே உண்டு. இங்கே தோராயக் கணக்குக்கு அவற்றை ஒன்று என்று வைத்துக்கொள்கிறேன்.) இன்னொன்றையும் கவனியுங்கள். காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அழுத்தம் இரண்டு மடங்கு ஆகாது, நாலு மடங்காகும். "போன வருஷக் காத்துக்கே ஒண்ணும் ஆகலையே" என்று இருந்துவிட முடியாததற்கு இதுதான் காரணம்.

எங்கள் கூரை 12 அடிக்கு 24 அடி. ஏறக்குறைய 27 சதுர மீட்டர். 150 ஆல் பெருக்கினால் 4000 கிலோ. நாலு டன்! கால்கள் பக்கத்துக்கு நாலாக எட்டு. மூலைக் கால்களுக்குப் பங்கு குறைவு. நடுக்கால் ஒவ்வொன்றின் தலைமேலும் சுமார் 4 சதுர மீட்டர் கூரை இருக்கிறது. ஆகவே அந்தக் காலை மண்ணிலிருந்து பிடுங்க 600 கிலோ விசை காத்திருக்கிறது.

எத்தனை ஆழம்?

இங்கேதான் எங்கள் வீட்டில் சண்டை வந்தது. அப்பா கணக்கில் ஒரு அடிக்கு ஒரு அடி, ஒன்றரை அடி ஆழம், அவ்வளவுதான் குழி. எட்டுக் குழிக்கும் இரண்டு மூட்டை சிமெண்ட் போதும். என் கணக்கில் இரண்டு அடிக்கு இரண்டு அடி, மூன்று அடி ஆழம். 1:3:6 கலவையில் பன்னிரண்டு மூட்டை சிமெண்ட், அதற்கேற்ற மணல், ஜல்லி.

"நெலத்துக்குள்ள பொதைக்கிறதுக்கு ஏன்டா இம்மாஞ் சிமெண்ட்டு? கண்ணுக்குத் தெரியாத எடத்துல காசக் கொட்டுறியே" என்றார். அவர் கோபத்திலும் நியாயம் இருந்தது. அந்தக் காசு அம்மா சீட்டு எடுத்த காசு. என் பரீட்சைக் கட்டணமும் அதிலிருந்துதான்.

கான்கிரீட் ஒரு கன மீட்டர் ஏறக்குறைய 2400 கிலோ எடை. அப்பா சொன்ன குழி ஒன்றரை கன அடி, அதில் நிற்கும் கான்கிரீட் 100 கிலோ. நான் சொன்ன குழி 12 கன அடி, 800 கிலோ. பிடுங்க வருவது 600 கிலோ. 100 கிலோ தாங்குமா, 800 கிலோ தாங்குமா? நோட்டில் எழுதிக் காட்டினேன். அப்பா நோட்டைப் பார்க்கவில்லை. அதனால் வேறு விதமாகக் கேட்டேன். "2011-ல தானே புயல்ல நம்ம பழைய கொட்டகை போச்சே, கால் முறிஞ்சு போச்சா, பிடுங்கிக்கிட்டுப் போச்சா?"

2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூர், புதுச்சேரிக்கு இடையே கரை கடந்தபோது எனக்கு நாலு வயது. ஒன்றும் நினைவில்லை. அப்பாவுக்கு எல்லாம் நினைவிருந்தது. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டுச் சொன்னார்: "ஒரு காலும் முறியல. கருங்காலு எல்லாம் மண்ணுருண்டையோட கெடந்துச்சு, அடுத்த கொல்லையில."

புத்தகம் சொன்னதையும் அப்பா கண்ணால் பார்த்ததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் விடை ஒன்றுதான். மறுநாள் காலை கடப்பாரையை அவரே எடுத்தார். கூலி மிச்சம் ஆகட்டும் என்று எட்டுக் குழியையும் நாங்கள் இருவருமே ஐந்து நாளில் வெட்டினோம்.

சங்கிலிப் பாடம்

குழி மட்டும் கனமாக இருந்தால் போதுமா? போதாது. தகட்டைப் பிடிப்பது திருகு, திருகைப் பிடிப்பது குறுக்குச் சட்டம், சட்டத்தைப் பிடிப்பது உத்திரம், உத்திரத்தைப் பிடிப்பது கால், காலைப் பிடிப்பது கான்கிரீட். இது ஒரு சங்கிலி. எந்தக் கண்ணி இளைத்ததோ அங்கே அறும். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

1. கால்: மூன்று அங்குல இரும்புக் குழாய். மரக்காரன் வீட்டில் இரும்புக் காலா என்று கேட்டவர்கள் உண்டு. மண்ணில் புதைந்த மரத்தைக் கரையான் விடாது, அதுதான் காரணம். குழாயின் அடியில் குறுக்காகக் கம்பித் துண்டு பற்றவைக்க வேண்டும். இல்லாவிட்டால் கான்கிரீட் மண்ணிலேயே நிற்க, குழாய் மட்டும் உருவிக்கொண்டு வரும். கான்கிரீட்டைத் தரைக்கு மேல் ஆறு அங்குலம் உயர்த்தி, தண்ணீர் வடிய மேலே சரிவு கொடுங்கள். குழாய் துருப்பிடிப்பது பெரும்பாலும் மண்ணை ஒட்டிய இடத்தில்தான்.

2. உத்திரம்: எதிரெதிர்க் கால்களை இணைக்க வைரம் பாய்ந்த பனஞ்சட்டம். காலின் தலையில் இரும்புப் பட்டையை 'ப' வடிவில் வளைத்துப் பற்றவைத்து, அதற்குள் சட்டத்தை உட்கார வைத்துப் போல்ட் போட வேண்டும். ஆணி வேண்டாம். ஆணி நேராக இழுத்தால் வந்துவிடும். போல்ட்டை இழுக்க மரமே பிளக்க வேண்டும்.

3. குறுக்குச் சட்டம்: மூன்று அடிக்கு ஒன்றாக ஐந்து வரிசை. இதற்கு எங்கள் பட்டறையிலேயே அறுத்த வேப்பஞ்சட்டம்.

4. திருகு: தகடு எட்டு, வரிசை ஐந்து, தகட்டுக்கு வரிசைக்கு நாலு. ஆக 160 திருகு. நாலு டன்னைப் பங்கிட்டால் ஒன்றுக்கு 25 கிலோ. ஓரங்களில்தான் காற்று முதலில் பிடிக்கும். எனவே ஓர வரிசைகளில் இன்னும் நெருக்கிப் போடுங்கள். திருகு தகட்டின் மேட்டில் இறங்க வேண்டும். பள்ளத்தில் தண்ணீர் ஓடும், ஓட்டை ஒழுகும். ரப்பர் வாசர் கட்டாயம்.

5. முக்கோணம்: மூன்று குச்சியை ஆணியடித்து முக்கோணமாக்கி அசைத்துப் பாருங்கள், அசையாது. நாலு குச்சியில் சதுரம் செய்து அசையுங்கள், சாய்ந்துவிடும். கொட்டகை சதுரங்களால் ஆனது. எனவே கால் தலையில் மூலைக்கு மூலை சாய்வுக் கம்பி கொடுத்து முக்கோணம் ஆக்க வேண்டும்.

எந்தப் பக்கம் சாய்ப்பு?

ஒரு சாய்ப்புக் கூரைதான் எளிது. 12 அடிக்கு 2 அடி சரிவு வைத்தோம். 12 அடித் தகடு ஒரே துண்டாக வந்துவிடுவதால் நடுவில் ஒட்டு இல்லை, ஒழுகலும் இல்லை. எங்கள் பக்கம் மழை ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்கிலிருந்து சாய்த்து அடிக்கும். அதனால் தாழ்ந்த பக்கம் கிழக்கே. உயர்ந்த வாயைக் காற்றுக்கு எதிரே திறந்து வைப்பது குடையைக் காற்றுக்கு எதிரே விரிப்பது போல.

மேற்கு வெயிலுக்குத் தென்னந்தட்டி கட்டலாம். புரட்டாசி முடிவதற்குள் அவிழ்த்துவிட வேண்டும். ஒரு பக்கம் புகுந்த காற்று மறுபக்கம் வெளியேற வழி இல்லாவிட்டால் உள்ளேயே உப்பிக் கூரையைத் தள்ளும்.

அறுக்கும் மரம் எங்கள் பட்டறையில் 12 அடிக்கு மேல் போகாது. பிளேடுக்கு முன்னே 12 அடி, பின்னே 12 அடி, ஆக 24. ஆனால் ட்ராலித் தண்டவாளத்தைக் கூரைக்கு வெளியே 14 அடி நீட்டிவிட்டோம். பெரிய மரத்தை வெளியிலேயே ட்ராலியில் ஏற்றி உள்ளே தள்ளலாம். மரம் உருண்டு காலில் மோதும் பயம் இல்லை, கூரைச் செலவும் மிச்சம்.

தண்ணீர், தூசி, தீ

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரை கடந்தது. தென்பெண்ணையில் வெள்ளம் வந்தது. எங்கள் பட்டறையில் பேண்ட் சாவின் கீழ்ச்சக்கரம் இருக்கும் குழி கிணறு போல நிரம்பியது. இப்போது தரையை ஒரு அடி உயர்த்தி, மோட்டாரை அதற்கும் மேலே ஒன்றரை அடித் திட்டில் ஏற்றியிருக்கிறோம். ஸ்விட்ச் பெட்டி மூடியது, தகட்டின் சொட்டு விழாத இடத்தில் இருப்பது. எர்த் கம்பியும், கசிவு ஏற்பட்டால் மின்சாரத்தை வெட்டும் ஈ.எல்.சி.பி.யும் கட்டாயம்.

மரத்தூள் லேசான விஷயம் இல்லை. புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் மரத்தூளையும் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு சேர்த்திருக்கிறது. வாயிலும் மூக்கிலும் துணி கட்டாமல் அறுக்காதீர்கள். தினமும் தூளைக் கூட்டி வெளியே போடுங்கள். தீப்பொறி பட்டால் அது புகைந்துகொண்டே இருந்து இரவில் பற்றும். இதனால்தான் கீற்றுக் கூரை கூடாது. ஆஸ்பெஸ்டாஸும் வேண்டாம். அதை அறுத்தாலும் துளைத்தாலும் பறக்கும் நார் நுரையீரலுக்குக் கேடு.

ஒரு சட்ட விஷயம். சா மில்லுக்கு வனத்துறை உரிமம் வேண்டும். 1996 டிசம்பர் 12 அன்று கோதவர்மன் வழக்கில் உச்ச நீதிமன்றம் இட்ட உத்தரவுக்குப் பிறகு இதில் கெடுபிடி அதிகம். கொட்டகை போடும் முன் உரிமம் நடப்பில் இருக்கிறதா என்று பாருங்கள்.

முடிவாக...

நண்பர்களே! நம்மில் பலர் வீட்டில் நாம்தான் முதல் படிப்பாளி. நாம் படிக்கிற கணக்கு தாளில் மார்க்காக நின்றுவிடக் கூடாது. விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது உங்கள் வீட்டு மாட்டுக் கொட்டகை, நெல் அடிக்கும் களத்துப் பந்தல், சைக்கிள் கடைச் சாய்ப்பு எதுவானாலும் அதன் அடியில் நின்று அண்ணாந்து பாருங்கள். திருகைப் பாருங்கள், ஆணியைப் பாருங்கள், காலைப் பிடித்து ஆட்டிப் பாருங்கள். நீள அகலத்தைப் பெருக்கி 150 ஆல் பெருக்குங்கள். அந்த எண்ணை வீட்டுப் பெரியவர்களிடம் சொல்லும்போது, அவர்கள் பார்த்த புயலைப் பற்றியும் கேளுங்கள். கணக்கில் பாதி அவர்களிடம் இருக்கிறது.

ஐப்பசிக்கு முன் செய்யுங்கள்!