வடிவியல் சொற்கணக்குகளும் சமன்பாட்டுத் தொகுதிகளும்

நீளம், பரப்பு, கோணம் முதலிய அளவுகளைப் பற்றிய செய்திகளை வாக்கியங்களில் தந்து, தெரியாத அளவைக் கேட்பது வடிவியல் சொற்கணக்கு ஆகும். தெரியாத அளவுகள் இரண்டு எனில், பொதுவாக ஒன்றையொன்று சாராத இரண்டு சமன்பாடுகள் தேவை. இவை சேர்ந்தது சமன்பாட்டுத் தொகுதி எனப்படும்.

ஒரு சமன்பாடு ஏன் போதாது?

தென்னேரி ஏரிப் பாசனத்தில் உள்ள ஒரு செவ்வக வயலின் சுற்றளவு 100 மீட்டர் எனக் கொள்வோம். நீளம் 'நீ', அகலம் 'அ' எனில்,

2(நீ + அ) = 100; எனவே நீ + அ = 50 ... (1)

இதற்கு 30, 20 பொருந்தும். 40, 10 என்பதும் பொருந்தும். முதல் வயலின் பரப்பு 600 சதுர மீட்டர், அதாவது சுமார் 14.8 சென்ட். மற்றதன் பரப்பு 400 சதுர மீட்டர், சுமார் 9.9 சென்ட். வேலியின் நீளத்தை மட்டும் கேட்டு நிலம் வாங்குபவருக்கு 5 சென்ட் வரை குறையலாம்.

"நீளம் அகலத்தைவிட 10 மீட்டர் அதிகம்" என்பதும் தெரிந்தால்,

நீ − அ = 10 ... (2)

இரண்டையும் கூட்ட, 2நீ = 60. எனவே நீ = 30, அ = 20.

"சுற்றளவில் பாதி 50 மீட்டர்" என்பதை இரண்டாவது சமன்பாடாக எழுதுவது மாணவர்கள் செய்யும் தவறு. அது (1)-ஐயே வேறு சொற்களில் கூறுகிறது. புதிய செய்தி எதுவும் இல்லை.

லீலாவதியின் மூங்கில் கணக்கு

இரண்டாம் பாஸ்கரர் 1150-இல் இயற்றிய லீலாவதியில் இவ்வகைக் கணக்கு ஒன்று உள்ளது. 32 முழ மூங்கில் காற்றில் ஒடிந்து, அதன் நுனி அடியிலிருந்து 16 முழத் தொலைவில் தரையைத் தொடுகிறது. எவ்வளவு உயரத்தில் ஒடிந்தது?

நிற்கும் பகுதி 'நி', சாய்ந்த பகுதி 'சா' எனில்,

சா + நி = 32

பிதாகரஸ் தேற்றப்படி, சா² − நி² = 16² = 256

இதைக் காரணிப்படுத்த, (சா + நி)(சா − நி) = 256. எனவே சா − நி = 256 ÷ 32 = 8.

இப்போது வயல் கணக்கைப் போலவே கூடுதலும் வித்தியாசமும் கிடைத்துவிட்டன. கூட்டினால் சா = 20; எனவே நி = 12. மூங்கில் 12 முழ உயரத்தில் ஒடிந்தது. கூடுதலும் வித்தியாசமும் கொண்டு இரு எண்களைக் காணும் இம்முறையை அக்கால நூல்கள் 'சங்கிரமணம்' என்றன.

செய்முறை

1. படம் வரைந்து, தெரிந்த அளவுகளைக் குறிக்கவும்.
2. தெரியாத அளவுகளுக்கு எழுத்துகள் இடவும்.
3. ஒவ்வொரு செய்தியையும் சமன்பாடாக எழுதவும்.
4. தெரியாத அளவுகளின் எண்ணிக்கைக்கு ஏற்பச் சமன்பாடுகள் உள்ளனவா எனப் பார்த்த பிறகே தீர்க்கவும்.
5. விடையைக் கணக்கின் வாக்கியங்களில் பொருத்திச் சரிபார்க்கவும். நீளம் குறை எண்ணாக வந்தால் அந்த விடையை நீக்கவும்.