உங்களுக்குத் தெரியுமா? வலிக்காத கடி

கட்டுவிரியன் கடித்தால் பெரும்பாலும் வலிக்காது, வீங்காது. பல்தடம்கூடத் தெரியாமல் போகலாம். ராத்திரி பாய் விரித்துத் தரையில் படுத்தவர், விடியற்காலையில் வயிற்றுவலி, வாந்தி என்று எழுந்திருப்பார். வீட்டில் அஜீரணம் என்று நினைத்துக் கஷாயம் வைப்பார்கள். அதற்குள் இமைகள் தொங்கும், பேச்சு குழறும், எச்சில் விழுங்க முடியாது, கடைசியில் மூச்சு நிற்கும். குன்றாண்டார்கோவில் வட்டாரம் போல வயலும் கண்மாயும் சூழ்ந்த ஊர்களில் இது எல்லா வீட்டுக்கும் தெரிந்திருக்க வேண்டும். தரையில் படுத்தவர் இமையைத் தூக்க முடியாமல் எழுந்தால் உடனே 108-ஐ அழையுங்கள். கட்டிலில் படுப்பதும், கொசுவலையை ஓரம் செருகிக்கொள்வதும் நல்ல காவல்.

கண்ணாடி விரியன் கடி நேர்மாறு. வலியும் வீக்கமும் உண்டு. ரத்தம் உறையும் தன்மையை இழக்கும். இதைக் கண்டுபிடிக்கப் பெரிய கருவி தேவையில்லை. மருத்துவமனையில் சுத்தமான, ஈரமில்லாத கண்ணாடிக் குழாயில் 2 மி.லி. ரத்தம் எடுத்து, அசைக்காமல் 20 நிமிடம் வைத்திருந்து, பிறகு ஒருமுறை சாய்த்துப் பார்க்கிறார்கள். கட்டிதட்டாமல் தண்ணீராக ஓடினால் ரத்தத்தைத் தாக்கும் விஷம் ஏறியிருக்கிறது என்று பொருள்.

கடித்த பாம்பை அடித்துத் தூக்கிக்கொண்டு போகவே வேண்டாம். நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்குக்கும் சேர்த்து ஒரே விஷமுறிவு மருந்துதான் இங்கே போடுகிறார்கள். அந்த மருந்தைத் தயாரிக்கக் குதிரைகளுக்கு ஏற்றும் விஷத்தில் பெரும்பங்கு, 1978-இல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்திலிருந்து போகிறது. 2024 நவம்பரில் தமிழக அரசு பாம்புக்கடியை அரசுக்குக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோயாக்கியது. அதே ஆண்டு, பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் அமெரிக்காவின் ஸ்கிரிப்ஸ் ஆய்வகமும், குதிரையை நம்பாமல் ஆய்வகத்திலேயே உருவாக்கிய ஓர் எதிரணுவை வெளியிட்டன. நாகம், கட்டுவிரியன் இன விஷங்களிலிருந்து அது எலிகளைக் காப்பாற்றியது. மனிதர்களுக்கு வர இன்னும் காலமாகும்.

இனி ஒரு சின்ன விளையாட்டு. ஒன்று கூர்கூரான உருவம், இன்னொன்று வழுவழுவென்று வளைந்த உருவம். பொருளில்லாத இரண்டு பெயர்களில் ‘கிகி’ எதற்கு, ‘பூபா’ எதற்கு? வீட்டுப் பிள்ளைகளிடம் கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் கூரானதைத்தான் ‘கிகி’ என்பார்கள். சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த நரம்பியல் ஆய்வாளர் வி.எஸ். ராமச்சந்திரன், 2001-இல் எட்வர்ட் ஹப்பர்டுடன் சேர்ந்து இதைப் பிரபலமாக்கினார். 2022-இல் 25 மொழிக்காரர்களிடம் சோதித்தபோதும் சராசரியாக 72 விழுக்காட்டினர் அப்படியே சொன்னார்கள்.

காசநோயாளி வீட்டில் மற்றவர்களுக்கு நோய் வராமல் தடுக்க அரிசி பருப்பு உதவுமா? ஜார்க்கண்டில் வீட்டில் பெரியவர் ஒவ்வொருவருக்கும் மாதம் 5 கிலோ அரிசி, 1.5 கிலோ பருப்பு, சத்து மாத்திரை கொடுத்துப் பார்த்தார்கள். புதிதாக நோய் வருவது 39 விழுக்காடு குறைந்தது. சென்னை தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனமும் பங்கேற்ற இந்த ஆய்வு 2023-இல் வெளியானது. ரேஷன் கடையைக் காசநோய் ஒழிப்பின் முதல் வரிசையில் வைக்க இதைவிட என்ன சான்று வேண்டும்?

கதிர் அறுக்கும்போது நெல் தோகை கண்ணில் பட்டால் கருவிழியில் பூஞ்சைப் புண் வரலாம். இதற்கு எது நல்லது என்று மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை உள்ளிட்டவை 323 நோயாளிகளிடம் சோதித்தன. 2013-இல் வந்த முடிவு: புதிய வோரிகொனசோலைவிடப் பழைய நட்டாமைசின் சொட்டு மருந்தே மேல். ஸ்டீராய்டு சேர்ந்த சொட்டு மருந்து பூஞ்சையை வளர்த்துவிடும். கண் சிவந்து உறுத்தினால் தாய்ப்பாலோ விளக்கெண்ணெயோ விடாதீர்கள். மருந்துக்கடையில் கேட்டு வாங்கியும் ஊற்றாதீர்கள். அன்றைக்கே கண் மருத்துவரிடம் காட்டுங்கள்.