12 வாட் ஆம்ப்பின் வரவு செலவு

வால்வு 5, எலக்ட்ரோலிட்டிக் கண்டன்சர் 6, டிரான்ஸ்பார்மர் 2, 12 அங்குல ஸ்பீக்கர் 1. கலிபோர்னியாவின் புல்லர்டனில் ஃபெண்டர் நிறுவனம் 1955 முதல் 1960 வரை செய்த 5இ3 டீலக்ஸ் கிட்டார் ஆம்ப்பின் முக்கியச் சரக்கு இவ்வளவுதான். ஒலியாக வருவது ஏறக்குறைய 12 வாட். வால்வுகளின் இழையைச் சூடாக்க மட்டும் 19 வாட்டுக்கு மேல் போகிறது: 6.3 வோல்ட்டில் 1.5 ஆம்பியர், ரெக்டிஃபையருக்கு 5 வோல்ட்டில் 2 ஆம்பியர்.

இந்தச் சுற்றைப் பார்த்துக் கட்டிய ஆம்ப்கள் இன்று ஏராளம். தப்பாக வயரிங் செய்தது இரைந்தால், பலர் முதலில் வாங்குவது ஏறக்குறைய 50 டாலர் கொடுத்து ஒரு ஜோடி 6வி6 பவர் வால்வு. இதை நான் ஒப்பவே மாட்டேன். பழுது பெரும்பாலும் ஒரு டாலர்கூடப் பெறாத இடத்தில்தான் இருக்கும்.

கை வைக்கும் முன் பிளக்கைப் பிடுங்குங்கள். பிடுங்கிய பிறகும் வடிகட்டும் கண்டன்சர்களில் மின்சாரம் தங்கியிருக்கும்: 16 மைக்ரோஃபாரட் கண்டன்சர் மூன்றும் சேர்ந்து 48. ஒரு லட்சம் ஓம், 2 வாட் ரெசிஸ்டர் வழியே இறக்கினால் 360 வோல்ட் 3 வோல்ட்டுக்குக் கீழே வர 24 விநாடி ஆகும். அதன் பிறகும் மீட்டர் வைத்துப் பார்த்தே தொட வேண்டும்.

இரைச்சலைப் பிரிக்கச் செலவே இல்லை. அமெரிக்க மின்சாரம் 60 ஹெர்ட்ஸ். இரைச்சலும் 60 என்றால் இழை வயரையோ எர்த்தையோ பாருங்கள். 120 என்றால் வடிகட்டும் கண்டன்சர்கள். நம் ஊரில் இவை 50, 100. கிட்டாரின் ஆறாவது கம்பியில் 3ஆம் கட்டை 98 ஹெர்ட்ஸ். அதை மீட்டி ஒப்பிட்டால் காதே சொல்லிவிடும். இழை வயர் இரண்டையும் முறுக்கி, 100 ஓம் ரெசிஸ்டர் இரண்டால் நடுவில் எர்த் கொடுத்தால் 60 பெரும்பாலும் அடங்கும். ஒவ்வொரு ரெசிஸ்டரிலும் விழுவது 0.1 வாட்தான், அரை வாட் ரகமே போதும்.

அதிகம் ஏமாற்றுவது பவர் வால்வின் கிரிட்டுக்கு ஒலியைக் கடத்தும் 0.1 மைக்ரோஃபாரட் கண்டன்சர். 200 வோல்ட்டில் 5 மைக்ரோ ஆம்பியர் கசிந்தால் அதன் தடை 4 கோடி ஓம். சாதாரண மீட்டர் தன் சிறு பேட்டரியால் சோதித்துவிட்டு நல்லது என்றே காட்டும். ஆனால் அதே கசிவு 2,20,000 ஓம் கிரிட் ரெசிஸ்டரில் 1.1 வோல்ட் ஏற்றிவிடும், வால்வு தேவைக்கு மேல் சூடாகும். ஆகவே ஓமில் அளக்காதீர்கள். ஆம்ப் ஓடும்போது கிரிட்டில் டிசி வோல்ட் இருக்கிறதா என்று பாருங்கள்.

சீழ்க்கை அடித்தால் சிலர் அவுட்புட் டிரான்ஸ்பார்மர் வயரை மாற்றிப் போடுவார்கள். 5இ3-இல் எதிர்ப் பின்னூட்டமே கிடையாது, அதனால் பயனில்லை. முதல் வால்வின் கிரிட் வயரை, பவர் வால்வின் பிளேட் வயரிலிருந்து விலக்குவதே வழி.

இவ்வளவும் சரியான பிறகு, பவர் வால்வு இரண்டுக்கும் பொதுவான 250 ஓம் கேதோடு ரெசிஸ்டரில் வோல்ட்டை அளக்கலாம். 19 வோல்ட் வந்தால் மொத்தம் 76 மில்லி ஆம்பியர், வால்வுக்கு 38. ஸ்கிரீன் பங்காக 3 கழித்தால் 35. பிளேட்டுக்கும் கேதோடுக்கும் இடையே 320 வோல்ட் இருந்தால் 11.2 வாட். பழைய 6வி6ஜிடி-யின் வரம்பு 12. இரண்டு வால்வுக்கும் கணக்கு இப்படி வந்து, ஒலி மட்டும் மங்கியிருந்தால் அந்த 50 டாலரை எடுக்கலாம்.