மாதேஸ்வரன் டாலர் சாயாமல் தொங்குவது எப்படி?

தீபாவளி, சிவராத்திரி, யுகாதி என்றால் மாதேஸ்வரன் மலையில் கூட்டம் அலைமோதும். மைசூர், பெங்களூர் பக்தர்கள் கொள்ளேகால் வழியாக வருவார்கள். சேலம், மேட்டூர் பக்கத்து பக்தர்கள் பாலாறு வழியாக மலை ஏறுவார்கள். 1997-ல் மைசூர் மாவட்டத்தில் இருந்து பிரிந்த சாம்ராஜ்நகர் மாவட்டத்தில் இருக்கிறது இந்த மலை.

புலி மீது அமர்ந்த மாதேஸ்வரன் உருவத்தை டாலராக அணியும் பக்தர்கள் உண்டு. சிலர் கழுத்தில் அது நேராகத் தொங்கும். சிலர் கழுத்திலோ புலி தலைகுப்புற விழப்போவது போல் சாய்ந்து நிற்கும். வளையம் கோக்கும் துளை இடம் மாறிப்போனதே காரணம்.

நடு எது?

புலியின் தலைப்பக்கம் கனம் அதிகம், வால்பக்கம் குறைவு. எனவே அளவுகோல் காட்டும் நடு வேறு, கனத்தின் நடு வேறு. அனுபவம் உள்ள ஆசாரி டாலரின் மேல் விளிம்பைச் சாமணத்தின் நுனியால் இலேசாகப் பிடித்துத் தொங்கவிட்டுப் பார்ப்பார். நேராக நிற்கும் இடம் கிடைத்ததும் அங்கே மையால் தொட்டு வைப்பார்.

பிறகு கூரான ஊசியால் இரண்டு மெல்லிய கோடுகள் கிழிப்பார். ஒன்று மேலிருந்து கீழாக, மற்றொன்று குறுக்காக. இரண்டும் வெட்டும் புள்ளிதான் துளைக்கு இடம். துளை 1 மில்லிமீட்டர் என்றால், அதற்கும் விளிம்புக்கும் நடுவே குறைந்தது 1 மில்லிமீட்டராவது உலோகம் நிற்க வேண்டும். இல்லாவிட்டால் வளையம் உரசி உரசி, ஒரு நாள் அறுந்துவிடும்.

வழுக்கும் பிட்

கோடு போட்டால் மட்டும் போதாது. டிரில் பிட்டின் நுனி ஊசி போல் கூரானது அல்ல. நுனியில் குறுக்காக ஒரு சிறு விளிம்பு இருக்கிறது. அது சரியாக வெட்டாது. வழவழப்பான தங்கத்தின் மேல் வழுக்கி ஓடும். ஓடிய வழியெல்லாம் கீறல்!

இதைத் தடுக்கத்தான் பஞ்ச். டாலரை இரும்புப் பட்டடை மேல் வைத்து, புள்ளியில் பஞ்சை நிறுத்தி, சுத்தியால் மெல்ல ஒரு தட்டு. சிறு பள்ளம் விழும். பிட் அதில் உட்கார்ந்துகொண்டு நகராது. ஓங்கி அடித்தால் மெல்லிய தகடு நெளிந்துவிடும். பள்ளம் இடம் மாறி விழுந்தால், பஞ்சைச் சாய்த்துத் தட்டிச் சரியான இடத்துக்கு இழுக்கலாம். துளை போட்டபின் அப்படி இழுக்க முடியாது.

ஜிமிக்கிக்கு ஒரு கணக்கு

ஜிமிக்கியின் கீழ்வட்டத்தில் முத்து கோக்கப் பல துளைகள் வேண்டும். கண்மதிப்பில் போட்டுக்கொண்டு போனால் கடைசி இடைவெளி பெரிதாகிவிடும். அதற்குக் கவராயம் உதவும். தாளில் அதே அளவு வட்டம் போட்டு, கவராயத்தின் விரிப்பை மாற்றாமல் சுற்றிலும் அடி வைத்தால் சரியாக ஆறு பாகம் வரும். ஒவ்வொன்றையும் பாதியாக்கினால் பன்னிரண்டு. அந்தப் புள்ளிகளை ஜிமிக்கிக்கு மாற்றிக்கொள்ளலாம்.

நஷ்டம் யாருக்கு?

பெங்களூர் நகரத்பேட்டை ஆனாலும், சேலம் செவ்வாய்ப்பேட்டை ஆனாலும், கூலிக்கு வேலை செய்பவருக்கு ஒரு தவறான துளை பெரிய சோதனை. அதைப் பொடி வைத்து அடைத்தால் தழும்பு தெரியும். பொடியின் மாற்றுக் குறைவாக இருந்தால் நகையின் மாற்றும் குறையும். 22 காரட் என்றால் ஆயிரத்தில் 916 பங்கு தங்கம் இருந்தாக வேண்டும். அடைக்க முடியாவிட்டால் உருக்கி மறுபடி செய்ய வேண்டும். சேதாரமும் போகும், ஒரு நாள் உழைப்பும் போகும். கோடும் பஞ்சும் கேட்பதோ ஓரிரு நிமிடம்தான்.

வாங்குகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை: காசு கொடுக்கும் முன், டாலரை ஒரு நூலில் கோத்துத் தொங்கவிட்டுப் பாருங்கள். புலி நேராக நின்றால், துளை போடும் முன்பே ஒருவர் பொறுமையாகக் குறி வைத்திருக்கிறார் என்று அர்த்தம்.